ஆறு கேனுக்கு ஸ்டாண்டு

சிதம்பரம்
2.8.2010

மச்சான் கொளஞ்சிக்கு,

சபாபதி எழுதுவது. உறையின் மேல் வேண்டுமென்றேதான் என் பெயரைப் போடவில்லை. போட்டிருந்தால் பிரிக்காமலே கிழித்திருப்பாய்.

ஆடி பிறந்ததிலிருந்து பதினேழு முறை உனக்குப் போன் செய்துவிட்டேன். பதினேழு முறையும் இரண்டாவது மணியிலேயே கட். போனில் ஏதாவது கோளாறோ என்று நம்ம டிரைவர் லூர்துசாமியின் போனிலிருந்து அடித்துப் பார்த்தேன். "ஹலோ, ஸ்ரீ கொளஞ்சியப்பர் வெல்டிங் ஒர்க்ஸ்" என்று கணீரென்றுதான் பேசினாய். என் குரலைக் கேட்டதும் அதுவும் கட். போகட்டும். பேச்சைக் கட் பண்ணலாம், எழுத்தை என்ன செய்வாய்? அடுத்தவர் வீட்டுக் கடிதத்தையே பிரித்துப் படிக்கிற குடும்பம் உங்களுடையது. இருபத்தெட்டு வருஷம் உன் அக்காளோடு குடும்பம் நடத்தியவனுக்குத் தெரியாதா.

விஷயம் இதுதான். 407 வண்டியில் இனி லோடு அடிப்பதில்லை என்று விட்டுவிட்டேன். பின்னால் சரக்கு ஏற்றுகிற இடத்தில் ஒரு ரூம் கட்டியிருக்கிறேன். ராஜமாணிக்கம் ஆசாரி பிளைவுட்டில் செய்து கொடுத்தார். ஒரு கட்டில், அடுப்பு வைக்க ஒரு மேடை, தண்ணீர் டிரம், பக்கத்துக்கு ஒரு ஜன்னல். நிமிர்ந்து நின்றால் தலை இடிக்காது. மாசி மாதத்திலிருந்து அதில்தான் படுக்கிறேன். வீட்டைப் பூட்டிவிட்டேன்.

புதுப்பேட்டையில் பழைய மிலிட்டரி கேன் ஆறு வாங்கி வந்தேன். ஒவ்வொன்றும் இருபது லிட்டர் பிடிக்கும். டீசல் நிரப்பி வண்டியோடு கொண்டுபோக ஒரு ஸ்டாண்டு வேண்டும். ரூமின் வெளிச்சுவரில் பக்கத்துக்கு மூன்றாக மாட்டலாம் என்று நினைக்கிறேன். நீதான் அடித்துத் தர வேண்டும். உன் வீட்டுக்காரி கயல்விழியைக் கேட்டதாகச் சொல்.

சபாபதி


கடலூர் முதுநகர்
9.8.2010

திரு. சபாபதி அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. சிதம்பரத்தில் பதினைந்து வெல்டிங் பட்டறை இருக்கிறது. அங்கே கொடுத்து அடித்துக்கொள்ளுங்கள்.

டீசல் கேன் என்ற வார்த்தையை எனக்கு எழுத உங்களுக்கு எப்படிக் கை வந்தது? இப்போது ஆறு கேன் கேட்கிறீர்கள். போன வருஷம் ஆனி மாதம் அந்த வண்டியில் ஒரே ஒரு கேன் இருந்திருந்தால் எங்கள் அக்கா இன்றைக்கு இருந்திருப்பாள். காடாம்புலியூரில் பலாப்பழம் ஏற்றிக்கொண்டு, பக்கத்தில் அவளையும் உட்கார வைத்துக்கொண்டு, வெறும் டேங்கோடு கிளம்பினவர் நீங்கள். நெஞ்சுவலி வந்தவளை நடுரோட்டில் நின்ற வண்டிக்குள் தனியாகப் போட்டுவிட்டு டீசல் வாங்கப் போனவரும் நீங்கள்தான்.

துக்க வீட்டில் எல்லோர் எதிரிலும் என்ன சொன்னீர்கள்? "டீசல் முள்ளு கால் டேங்குல நின்னுதுடா மச்சான், அத நம்பித்தான் எடுத்தேன்" என்றீர்கள். பொய் என்று உங்கள் முகத்துக்கு நேராகச் சொன்னேன். கருமாதி அன்றைக்கு நீங்களே மாற்றிச் சொல்லிவிட்டீர்கள். "முள்ள நான் பாக்கவே இல்ல, என் கவனக்கொறவுதான்" என்று. பதினாறு நாளில் இரண்டு பேச்சு பேசிய ஆளோடு எனக்கு என்ன பேச்சு?

கயல்விழி கம்மாபுரத்தில் அவள் அம்மா வீட்டில் இருக்கிறாள். ஆடிக்குப் போனவள்.

வி. கொளஞ்சி


சிதம்பரம்
14.8.2010

மச்சான்,

எனக்கு "திரு" போட்டு இதுவரை எழுதியவர்கள் இரண்டே பேர். ஒன்று ஆர்.டி.ஓ. ஆபீஸ், இன்னொன்று இன்சூரன்ஸ்காரர்கள். மூன்றாவதாக நீயும் சேர்ந்திருக்கிறாய், சந்தோஷம்.

நீ எழுதியதில் ஒரு தப்பும் இல்லை. வண்டியை எடுத்தவன் நான், நிற்க விட்டவனும் நான். ஆனால் அன்றைக்கு நடந்ததை நீ முழுசாகக் கேட்டதில்லை. சொல்கிற நிலையில் நானும் இல்லை.

வடலூரில் நிறுத்தி அவளுக்கு சோடா வாங்கிக் கொடுத்தேன். "நெஞ்சக் கரிக்குது, பலாச்சொள ஜாஸ்தி தின்னுட்டேன் போல" என்றாள். மருவாய் தாண்டியதும் வண்டி இழுத்து இழுத்து நின்றுவிட்டது. பகல் பதினொன்றரை மணி. ரோட்டில் ஈ காக்கை இல்லை. கை காட்டிய இரண்டு லாரியும் நிற்கவில்லை. மூன்றாவதாக ஒரு டி.வி.எஸ். 50 நின்றது. பின்னால் ஒருத்தர்தான் உட்கார முடியும். "வெறும் வாயுதாங்க. நான் இப்படியே சாஞ்சிருக்கேன், நீங்க சட்டுனு போயி டீசல் வாங்கியாங்க" என்றாள். போனேன். போய் வர ஐம்பது நிமிடம். கதவைத் திறந்தபோது சாய்ந்துதான் இருந்தாள்.

அந்த ஐம்பது நிமிடத்தில் என்னைக் கூப்பிட்டுப் பார்த்தாளா, தண்ணீர் கேட்டாளா, எனக்குத் தெரியாது. வாழ்ந்த இருபத்தெட்டு வருஷத்தை விட அந்த ஐம்பது நிமிடம்தான் இப்போது எனக்கு நீளமாக இருக்கிறது. இனி எந்தக் காலத்திலும் டீசலுக்காக வண்டியை விட்டு இறங்கிப் போக மாட்டேன். ஆறு கேன் எதற்கென்று கேட்டால் இதற்குத்தான்.

நீ சொன்னபடி இங்கே ஒரு பட்டறையில் கொடுத்தேன். பிளைவுட் சுவரில் நாலு போல்ட் போட்டு மாட்டினான். புவனகிரி ரோட்டில் ஒரு பள்ளத்தில் இறங்கியதும் ஸ்டாண்டு பலகையோடு பிய்த்துக்கொண்டு விழுந்தது. கேன் உருண்டு வாய்க்காலில் போய் நின்றது. நல்லவேளை, பின்னால் யாரும் வரவில்லை.

சபாபதி


கடலூர் முதுநகர்
23.8.2010

திரு. சபாபதி அவர்களுக்கு,

வடலூரில் சோடாவுக்கு நிறுத்தியவருக்கு, அப்படியே பங்க்கிலும் நிறுத்தி டீசல் போடத் தெரியவில்லையா? இதை நினைத்து நினைத்துத்தான் எனக்கு வயிறு எரிகிறது. அதை விடுங்கள்.

பிளைவுட்டில் போல்ட் போட்டானா? அவன் எல்லாம் வெல்டிங் ராடு பிடிக்கலாமா? ஒரு கேன் நிரம்பினால் இருபது கிலோவுக்கு மேல் கனம். ஆறும் சேர்ந்தால் நூற்று முப்பது கிலோ. வண்டி குலுங்கும்போது அது இரண்டு மடங்காக இழுக்கும். பலகை தாங்குமா மாமா? கனம் முழுதும் வண்டியின் அடிச்சட்டத்தில், சேஸில்தான் உட்கார வேண்டும். அதற்காக சேஸில் ஓட்டை போடவும் கூடாது, வெல்டிங் வைக்கவும் கூடாது, பின்னால் விரிசல் விடும். யு போல்ட் கொடுத்துக் கவ்விப் பிடிக்க வேண்டும். அதன்மேல் ஆங்கிள் இரும்பில் கூண்டு. கேனும் இரும்பும் உரசாமல் நடுவில் பழைய டியூப் ரப்பர். சைலன்சர் இருக்கிற பக்கம் ஒரு கேன்கூடத் தொங்கக் கூடாது. கழுத்து வரை நிரப்பவும் கூடாது, வெயிலில் டீசல் உப்பும், நாலு விரல் இடம் விட வேண்டும்.

நான் செய்து தருகிறேன் என்று இதற்கு அர்த்தம் இல்லை. ரோட்டில் போகிற வேறு எவன் குடும்பமும் உங்கள் வண்டியால் கெட்டுப்போகக் கூடாது என்றுதான் எழுதுகிறேன். மேலே ஓரிடத்தில் பழக்கதோஷத்தில் மாமா என்று வந்துவிட்டது. அடித்தால் அசிங்கமாக இருக்கும் என்று விட்டிருக்கிறேன்.

வி. கொளஞ்சி


சிதம்பரம்
30.8.2010

மச்சான்,

அந்த ஒரு வார்த்தையை நாலு தரம் படித்தேன். அடிக்காமல் விட்டதற்கு நன்றி.

நீ சொன்னதைக் கேட்டால் பெரிய வேலையாகத் தெரிகிறது. உன்னைத் தொந்தரவு செய்ய மனசில்லை. இன்னொரு யோசனை வைத்திருக்கிறேன். ஆறு கேனையும் ரூமுக்குள்ளேயே கட்டிலுக்கு அடியில் படுக்க வைத்துவிட்டால் என்ன? ஸ்டாண்டும் வேண்டாம், வெல்டிங்கும் வேண்டாம். அடுப்புக்கும் கட்டிலுக்கும் மூன்றடி இடைவெளி இருக்கிறது. உன் அபிப்பிராயம் என்ன?

சபாபதி


கடலூர் முதுநகர்
7.9.2010

மாமா,

கட்டிலுக்கு அடியிலா! புத்தி கித்தி இருக்கிறதா உங்களுக்கு? மூடி லேசாகக் கசிந்தால் போதும், அந்த நாற்றத்தில் மூடின ரூமில் மூச்சு முட்டிவிடும். அடுப்பு பற்ற வைத்தால் கேட்கவே வேண்டாம். என்னைச் சீண்டத்தான் எழுதியிருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் மூன்று நாளாக அந்தக் கட்டில்தான் கண்ணுக்குள் நிற்கிறது. வண்டியை அனுப்புங்கள். லூர்துசாமி ஓட்டிக்கொண்டு வரட்டும். நீங்கள் வர வேண்டாம், பார்க்கிற தெம்பு எனக்கு இல்லை.

அதற்கு முன்னால் இரண்டு விஷயம்.

ஒன்று. கணக்குப் போட்டுப் பார்த்தேன். டேங்கில் அறுபது, கேனில் நூற்றிருபது. லிட்டருக்கு எட்டு என்று வைத்தாலும் நாக்பூர் வரை எங்கேயும் நிற்காமல் போகலாம். வழி நெடுக பங்க் இருக்கிற ஊரில் எதற்கு இது? எங்கே போகிறீர்கள்? திரும்பி வருகிற எண்ணம் இருக்கிறதா?

இரண்டு. உங்களுக்குத் தெரியாமல் ஒன்று செய்திருக்கிறேன். மறைத்து வைத்துக்கொண்டு உங்கள் வண்டியில் கை வைக்கக் கூடாது. விருத்தாசலம் பக்கம் மணவாளநல்லூரில் எங்கள் சாமி கொளஞ்சியப்பர் கோயிலில் பிராது கட்டுகிற வழக்கம் உங்களுக்குத் தெரியும். போலீஸில் எழுதிக் கொடுப்பது போல, நமக்கு அநியாயம் செய்தவர் பேரில் சாமிக்குத் தாளில் எழுதிக் கட்டிவிட்டு வருவோம். மூன்று மாதத்தில் சாமி விசாரித்துத் தீர்ப்பு சொல்லும் என்பார்கள். கட்டினவனே போய் வாபஸ் வாங்கினால்தான் அது செல்லாமல் போகும். போன வருஷம் ஆவணியில் நான் போய்க் கட்டினேன். "எங்கள் அக்கா பட்டம்மாள் தனியாகக் கிடந்து சாகக் காரணமானவர் யாரோ, அவருக்கும் துணைக்கு ஒருத்தர் இல்லாமல் போக வேண்டும்" என்று எழுதினேன். உங்கள் பெயரை எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுத்து வரவில்லை. யாரென்று சாமிக்குத் தெரியாதா என்று விட்டுவிட்டேன்.

இதைத் தெரிந்துகொண்டு வண்டியை அனுப்புவதானால் அனுப்புங்கள்.

கொளஞ்சி


சிதம்பரம்
20.9.2010

மச்சான்,

வண்டி வருகிறது. கேன் ஆறும் கட்டிலுக்கு அடியில்தான் இருக்கிறது. கத்தாதே, எல்லாம் காலி கேன்.

பிராது விஷயம் படித்தேன். எனக்கு வருத்தம் இல்லை. உனக்கும் எங்கேயாவது போய்ச் சொல்லி அழ ஓர் இடம் வேண்டும் அல்லவா. துணைக்கு ஒருத்தர் இல்லாமல் போக வேண்டும் என்று கேட்டிருக்கிறாய். அதற்குச் சாமி தனியாக மெனக்கெட வேண்டியதில்லை.

எங்கே போகிறேன் என்று கேட்டாய். காசிக்கு என்று இங்கே எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். மேல வீதியிலேயே குடியிருந்துகொண்டு கோயிலுக்குள் போகாதவன் காசிக்குப் போகிறானாம், அதையும் நம்புகிறார்கள். உன்னிடம் எதற்குப் பொய். எனக்குப் போகிற இடம் என்று ஒன்று இல்லை. வீட்டில் இருந்தால் சமையல்கட்டில் சத்தம் கேட்கவில்லையே என்று காது அதையே தேடுகிறது. வண்டியில் என்ஜின் சத்தமாவது இருக்கும். திரும்பி வருவதைப் பற்றி நான் யோசிக்கவில்லை. வந்தால் யார் கதவைத் திறக்கப்போகிறார்கள்?

ஒரே ஒரு வேண்டுகோள். டேங்கை மட்டும் தொட வேண்டாம். அது நன்றாகத்தான் இருக்கிறது. முள்ளையும் பார்க்க வேண்டாம். நான் குச்சி விட்டு அளந்துகொள்கிறேன், அது எனக்குப் பழகிவிட்டது. கேனுக்கு ஸ்டாண்டு மட்டும் போதும்.

சபாபதி


கடலூர் முதுநகர்
4.10.2010

மாமா,

வண்டி வந்து சேர்ந்தது. நாலு நாள் மழை, மழை விட்ட நேரத்தில் கரண்ட் இல்லை. ஆங்கிள் மட்டும் அறுத்து வைத்திருக்கிறேன்.

ரூமுக்குள் ஏறிப் பார்த்தேன். ராஜமாணிக்கம் நல்ல வேலைக்காரர். ஜன்னலுக்குத் திரையாக அக்காளின் ஊதாப் புடவையைக் கிழித்துப் போட்டிருக்கிறீர்கள். ஒற்றைக் கட்டிலில் எதற்கு இரண்டு தலையணை என்று லூர்துசாமி கேட்டான். அவனுக்கு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டு அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

டேங்கைத் தொடாதே என்று எழுதியிருக்கிறீர்கள். கூண்டு வருகிற இடம் டேங்குக்கு ஒரு சாண் தள்ளி. டீசல் டேங்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நான் நெருப்புப் பொறி பறக்க விட வேண்டுமா? எவன் சொன்னாலும் அதைச் செய்ய மாட்டேன். நாளைக்கு டேங்கை இறக்கிக் கழுவி ஓரமாக வைத்துவிட்டுத்தான் ராடைக் கையில் எடுப்பேன். அப்படியே அந்த முள்ளையும் பார்த்துவிடுகிறேன். முள் இருக்கிற வண்டிக்குக் குச்சி எதற்கு?

கொளஞ்சி


கடலூர் முதுநகர்
6.10.2010

மாமா,

இதை மூன்றாவது தாளில் எழுதுகிறேன். முதல் இரண்டையும் கிழித்துவிட்டேன்.

நேற்று டேங்கை இறக்கினேன். உள்ளே மிதவை ஒன்று கம்பியில் ஆடும், உங்களுக்குத் தெரிந்ததுதான். டீசல் இறங்க இறங்க மிதவை இறங்கும், முள்ளும் இறங்கும். அந்த மிதவை அடி வரைக்கும் இறங்கவில்லை. கையால் அழுத்தினேன், கால் அளவில் போய் எதிலோ முட்டி நின்றது. லைட் அடித்துப் பார்த்தேன். சுண்டைக்காய் அளவுக்கு ஒரு வெல்டிங் கட்டி. வெளியிலிருந்து ஒட்டு வைத்தபோது உள்பக்கம் வழிந்து உறைந்தது. மிதவைக் கம்பி அதன்மேல் உட்கார்ந்துகொண்டிருக்கிறது. டேங்க் சொட்டு இல்லாமல் வற்றினாலும் முள் காலில்தான் நிற்கும்.

கையெழுத்து போலத்தான் வெல்டிங்கும். யார் வைத்தது என்று பார்த்ததும் தெரிந்துவிடும். அது என் கை.

போன வருஷம் வைகாசியில் டேங்க் ஒழுகுகிறது என்று கொண்டுவந்தீர்கள். நான்தான் அடைத்தேன். ஒட்டு வைத்து முடித்ததும் உள்ளே கையை விட்டுத் தடவிப் பார்ப்பேன், பிசிறு இருந்தால் அரம் போட்டு ராவுவேன். இருபது வருஷத்தில் இதை நான் விட்டதே இல்லை. அன்றைக்கு அக்காவும் உங்களோடு வந்திருந்தாள். சங்கரா மீன் குழம்பு கொண்டுவந்திருந்தாள். "சோறு ஆறுதுடா, துன்னுட்டு அப்பறம் பாரேன்" என்றாள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தேன். அவள் பரிமாறினாள். சாப்பிட்டுவிட்டு வந்தபோது, கழுவின கையை மறுபடியும் டேங்குக்குள் விட மனசு வரவில்லை. அப்படியே மூடியைப் போட்டு முடுக்கிவிட்டேன்.

முள் காலில் நின்றது என்று நீங்கள் சொன்னது நிஜம். பொய் என்று அத்தனை பேர் எதிரில் உங்களைத் தலைகுனிய வைத்தவன் நான். அக்காளைக் கொன்றவனும் நான்தான்.

பேர் எழுதாமல் விட்டேனே, சாமிக்கு ஆளைத் தெரிந்துவிட்டது. கொளஞ்சி பேரில் கொளஞ்சி போய்க் கொளஞ்சியப்பரிடம் பிராது கொடுத்திருக்கிறான். இந்தக் கூத்து எந்த ஊரிலாவது நடக்குமா? தீர்ப்பும் எப்போதோ ஆகிவிட்டது. கயல்விழி ஆடிக்குப் போனாள் என்று எழுதினேன். எந்த ஆடி என்று எழுதவில்லை. போன வருஷத்து ஆடி. "பேசாத மனுசனோட நான் இன்னா பண்றது" என்று பையைத் தூக்கிக்கொண்டு போனவள். நான் பிராது கட்டுவதற்குள் பாதித் தண்டனை கிடைத்துவிட்டது, நான்தான் புரிந்துகொள்ளவில்லை.

என்னை என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள். ஆனால் ஒரு வார்த்தையாவது எழுதுங்கள்.

கொளஞ்சி


கடலூர் முதுநகர்
25.10.2010

மாமா,

பத்தொன்பது நாள் ஆகிறது. பதில் இல்லை. போன் அடித்தேன், நீங்கள் எடுக்கவில்லை. அந்த மணிச் சத்தத்தைக் காதில் வைத்துக்கொண்டு நிற்பது எப்படி இருக்கும் என்று இப்போது எனக்கும் தெரிகிறது.

மணவாளநல்லூருக்குப் போயிருந்தேன். பிராதை வாபஸ் வாங்க இல்லை. வாங்கவும் எனக்கு வாய் இல்லை. சும்மா வாசலில் உட்கார்ந்துவிட்டு பஸ் ஏறிவிட்டேன்.

வேலை அப்படியே கிடக்கிறது. உங்கள் வண்டியில் கை வைக்கட்டுமா என்று நீங்கள் சொன்னால்தான் வைப்பேன்.

கொளஞ்சி


சிதம்பரம்
1.11.2010

மச்சான்,

உன் கடிதம் அந்த வாரமே வந்துவிட்டது. சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு சுற்றினேன். வண்டி உன்னிடம் இருக்கிறது, அதனால் வீட்டைத் திறந்து வீட்டில்தான் படுக்கிறேன். வெறும் வீட்டில் உட்கார்ந்து இதற்குப் பதில் எழுத வரவில்லை.

எனக்கு முன்னாலேயே தெரியும்.

அவள் போன பதினோராம் நாள், முள் காலில் நின்றதை என் கண்ணால் பார்த்தேனே, எப்படித் தீர்ந்தது என்று டேங்கை வடித்துப் பார்த்தேன். கடைசிச் சொட்டு வரைக்கும் வடிந்தும் முள் நகரவில்லை. திறந்து டார்ச் அடித்தேன். உன் வேலை எனக்குத் தெரியாதா? அதே மாதிரி மூடி வைத்துவிட்டேன். லூர்துசாமிக்குக்கூடச் சொல்லவில்லை. கருமாதி அன்றைக்கு, நான் முள்ளைப் பார்க்கவே இல்லை என்று மாற்றிச் சொன்னது அதனால்தான். இரண்டு பேச்சு பேசுகிற ஆள் என்று நீ எழுதினாயே, அது சரிதான். முதல் பேச்சு நிஜம். இரண்டாவது உனக்காகப் பேசியது.

நான் பெரிய தியாகி என்று நினைத்துவிடாதே. எனக்கும் சொல்ல வாய் துடித்தது. நீ பொய்யன் என்று கத்தியபோது உன் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் அந்த டேங்கைக் காட்ட வேண்டும் போல் இருந்தது. ஆனால் நீ என் மேல் கோபமாக இருந்தால், என்றைக்காவது ஒருநாள் கோபம் தீர்ந்து வருவாய். உன் மேலேயே உனக்குக் கோபம் வந்துவிட்டால் நீ எங்கே போவாய்? பட்டம்மாள் உன்னை இடுப்பில் தூக்கி வளர்த்தவள். நான் உன்னைக் காட்டிக் கொடுத்திருந்தால் அவளே என்னோடு பேச மாட்டாள்.

டேங்கைத் தொடாதே என்று எழுதினேன். நெருப்பு வைக்கிறவன் முதலில் டேங்கை இறக்குவான் என்பது எனக்குத் தோன்றாமல் போய்விட்டது. வேறு எவனாக இருந்தாலும் சோம்பல்பட்டு இறக்கியிருக்க மாட்டான். நல்ல வேலைக்காரனிடம் கொடுத்தேன், அதுதான் தப்பாகிவிட்டது.

நீ கொல்லவில்லை. நானும் கொல்லவில்லை. சோறு ஆறுகிறது என்று தம்பியைக் கூப்பிட்டாள், வாயுதான் என்று புருஷனை அனுப்பினாள். அவள் சொன்னதை நாம் இரண்டு பேரும் கேட்டோம், அவ்வளவுதான். இதைத்தான் நான் நம்புகிறேன்.

அந்தக் கட்டியை அரம் போட்டு ராவிவிடு. ஆறு கேனுக்கும் ஸ்டாண்டு அடித்து வண்டியை அனுப்பு. தையில் கிளம்பலாம் என்று இருக்கிறேன்.

சபாபதி


கடலூர் முதுநகர்
12.11.2010

மாமா,

உங்கள் கடிதத்தைப் பட்டறையில் வைத்துப் படித்தேன். ஷட்டரை இறக்கிவிட்டு அழுதேன். வெளியே ஒரு ஆள் வீட்டுக் கேட்டுக்கு ஆங்கிள் வேண்டும் என்று தட்டிக்கொண்டே இருந்தார், திறக்கவில்லை. பதினேழு மாதமாக வராத அழுகை.

மறுநாள் மணவாளநல்லூர் போய்ப் பிராதை வாபஸ் வாங்கினேன். எதிராளியோடு சமாதானம் ஆகிவிட்டதா என்று கேட்டார்கள். எதிராளி நான்தான் என்று எப்படிச் சொல்வது? ஒரு ஆள் என்னை மன்னித்துவிட்டார், அதனால் வந்தேன் என்றேன். சரி என்று தாளை எடுத்துக்கொண்டார்கள்.

கட்டியை ராவியாகிவிட்டது. கையை விட்டு மூன்று தடவை தடவிப் பார்த்தேன். முள் இப்போது அடி வரை இறங்குகிறது. குச்சியைத் தூக்கிப் போடுங்கள்.

ஸ்டாண்டும் முடிந்தது. சேஸில் யு போல்ட், ஆங்கிள் கூண்டு, ரப்பர், எல்லாம் நான் சொன்னபடி. ஆனால் ஆறு கேனுக்கு இல்லை. இரண்டுக்குத்தான் அடித்திருக்கிறேன். கோபப்படாதீர்கள், காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். ஆறு கேனைச் சுமந்துகொண்டு திரும்பி வராமல் போகிற ஆளுக்கு நான் வேலை செய்து தர மாட்டேன். மிச்சம் நாலும் பட்டறையில் இருக்கிறது. வந்து சண்டை போட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கட்டிலை மட்டும் உங்களைக் கேட்காமல் ஒரு அடி அகலப்படுத்தியிருக்கிறேன்.

முதல் ஓட்டம் கம்மாபுரம். நான் கூப்பிட்டால் கயல்விழி வர மாட்டாள், மாமா நீங்கள் வந்து கூப்பிட வேண்டும். அதற்குப் பிறகு காசியோ நாக்பூரோ, எங்கே வேண்டுமானாலும் போவோம். அவளும் வந்தால் அவளையும் ஏற்றிக்கொள்வோம்.

இனிமேல் வழியில் எங்கேயாவது டீசல் தீர்ந்து வண்டி நின்றால் நிற்கட்டும் மாமா. நான் இறங்கிப் போய் வாங்கி வருகிறேன். நீங்கள் வண்டியிலேயே இருங்கள்.

கொளஞ்சி